ஒரு நாவிதரின் கோப்பிக் கடை

பிரித்தானிய நூதனசாலை 1759ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது என்று வரலாற்று நூல்கள் கூறும். அதற்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே, இலண்டன் மாநகரின் ஓரத்திலிருந்த செல்சி என்னும் ஊரில் நாவிதர் ஒருவர் தமது கோப்பிக் கடையின் சுவர்களிலும் கூரையிலும் உலகத்து விசித்திரங்களையெல்லாம் தொங்கவிட்டு, வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். முன்னையதைப் பற்றி நம் மாணவர் பலர் அறிவர். பின்னையதை அறிந்தோர் மிகச் சிலரே.

சிறு கடையொன்றின் கதையை ஆராய்வதால் விளையும் பயன் யாது எனச் சிலர் வினவலாம். மன்னர்களின் பட்டியலையும் போர்களின் ஆண்டுகளையும் மனனஞ் செய்வதே வரலாறு என்று கொள்வோருக்கு இக்கட்டுரையாற் பயனில்லை. சாதாரண மனிதர் எங்கே கூடினர், எதைப் பேசினர், எதைக் கண்டு வியந்தனர், அவர்கள் கண்ணுக்கு எவை மறைக்கப்பட்டிருந்தன என்று கேட்போருக்கு, ஒரு கோப்பிக் கடையின் மேசையும் ஓர் ஆவணமேயாகும்.

*

இங்கிலாந்திற் கோப்பிக் கடைகள் தோன்றிய காலம் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1649இல் மன்னன் முதலாம் சார்ள்ஸ் மக்கள் முன்னிலையிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். நிலமானிய அமைப்பின் கட்டுக்கோப்புத் தளர்ந்து, வணிக வர்க்கம் தலைநிமிரத் தொடங்கியிருந்தது. 1652ஆம் ஆண்டில் பாஸ்குவா றோசே என்பவர் கோண்ஹில் பகுதியில் ஒரு சந்தினுள் இலண்டனின் முதலாவது கோப்பிக் கடையைத் தொடங்கினார். அவர் துருக்கி நாட்டோடு வாணிகஞ் செய்த ஆங்கில வணிகர் ஒருவரின் பணியாளாக இருந்தவர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இலண்டனிலே நூற்றுக்கணக்கான கோப்பிக் கடைகள் முளைத்துவிட்டன.

அங்கு செல்பவர் ஒரு பென்னி கொடுத்தாற் போதும். கோப்பி கிடைக்கும், கணப்புத் தீயின் வெப்பம் கிடைக்கும், மேசைமீது பரப்பிக் கிடக்கும் செய்தித்தாள்களும் துண்டுப் பிரசுரங்களும் கிடைக்கும். எல்லாவற்றிற்கும் மேலாகப் பேச்சுக் கிடைக்கும். நீண்ட மேசையிலே காலியாகக் கிடக்கும் இருக்கையில் அமர வேண்டியதுதான். பக்கத்தில் இருப்பவர் பிரபுவா வணிகரா என்று கேட்டு இடம் மாறும் வழக்கம் அங்கில்லை. தேவாலயத்திலே கூடக் குலத்துக்கும் செல்வத்துக்கும் ஏற்ப இருக்கை வகுத்திருந்த சமூகத்தில் இது சிறிய மாற்றமன்று. இக்கடைகளுக்கு ‘ஒரு பென்னிப் பல்கலைக்கழகங்கள்’ என்ற பெயர் வழங்கிற்று.

இம்மாற்றத்தின் பொருளை மற்றெவரையும்விட மன்னன் நன்கு உணர்ந்திருந்தான். 1675ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரண்டாம் சார்ள்ஸ் கோப்பிக் கடைகள் யாவற்றையும் மூடுமாறு பிரகடனஞ் செய்தான். வேலையற்றோரும் அரசின்மீது வெறுப்புற்றோரும் அங்கு கூடிப் பொய்ச் செய்திகளைப் பரப்புகின்றனர் என்பது அவன் கூறிய காரணம். 1676 ஜனவரி 10ஆம் நாள் ஆணை நடைமுறைக்கு வரவேண்டும். ஆனால் எதிர்ப்பு வலுத்தமையால், அந்நாள் வருமுன்னரே அவன் அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது. தந்தையின் தலை எவ்வாறு வீழ்ந்தது என்பதை மறக்காத மைந்தன், கோப்பி அருந்துவோரின் கோபத்தையும் சோதித்துப் பார்க்க விரும்பவில்லைப் போலும்!

ஜேர்மானிய அறிஞர் யூர்கன் ஹபர்மாஸ் 1962இல் வெளியிட்ட தமது நூலில், அரசை விமரிசிக்கும் பொதுமக்கள் அபிப்பிராயம் உருவாகிய களங்களுள் ஒன்றாக இக்கோப்பிக் கடைகளைக் காட்டினார். அவர் கருத்திலே உண்மை உண்டு. எனினும் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர் யார் என்ற வினாவை நாம் எழுப்பாமலிருக்க முடியாது. பெண்கள் அங்கு கோப்பி வார்ப்பவராகவும் சில வேளை கடையின் உரிமையாளராகவும் இருந்தனர். விவாதத்திற் கலந்துகொள்ளும் வாடிக்கையாளராக அவர்களை அரிதாகவே காண்கிறோம். நாள்முழுதும் கூலிக்கு உழைத்தவனுக்கு ஒரு பென்னி கிடைத்தாலும், அங்கு அமர்ந்து அதைச் செலவிட ஓய்வு கிடைக்கவில்லை. ஆகவே கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்பதும் மெய். எல்லோரும் உள்ளே நுழையவில்லை என்பதும் மெய்.

*

இந்தப் பின்னணியில் வைத்து நமது செல்சிக் கடையை நோக்குவோம். அதன் உரிமையாளர் ஜேம்ஸ் சால்ற்றர். தொழிலால் நாவிதர், சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் முன்னர் ஏவலாளாக இருந்தவர். 1695இல் இவர் செல்சியிலே கோப்பிக் கடை தொடங்கினார். இரண்டொரு முறை இடம்மாறிய கடை, 1718 அளவில் தேம்ஸ் நதியை நோக்கிய செயின் வோக் என்னும் வீதியில் நிலைகொண்டது.

சால்ற்றர் கோப்பி விற்றதோடு நிற்கவில்லை. முகச் சவரஞ் செய்தார், பல் பிடுங்கினார், பிடில் வாசித்தார், ‘பஞ்ச்’ என்னும் மதுபானங் கலப்பதில் வல்லவரெனப் பெயரெடுத்தார், தமது கடைக்குத் தாமே செய்யுளில் விளம்பரமும் எழுதினார். ஸ்பானியக் கடற்பகுதிகளிலே பணியாற்றித் திரும்பிய மண்டன் என்ற கடற்படைத் தளபதி, வாடிக்கையாளராக வந்தவிடத்து, இவரை வேடிக்கையாக ‘டொன் சால்ற்றரோ’ என்று அழைத்தார். பட்டம் ஒட்டிக்கொண்டது. ஏவலாளாக இருந்த நாவிதர் ஸ்பானியப் பிரபுவின் பெயரோடு ஊரெங்கும் உலாவினார்.

கடையின் பெரும் கவர்ச்சி அங்கு குவிந்திருந்த விசித்திரப் பொருள்கள். ஸ்லோன் தம்மிடம் மிகையாக இருந்தவற்றைத் தம் பழைய பணியாளுக்கு வழங்கினார். கடலோடிகளும் ஏனைய வாடிக்கையாளரும் தம் பங்கிற்குக் கொணர்ந்து கொடுத்தனர். உலர்ந்த உயிரினங்கள், எலும்புகள், சிப்பிகள், தூர தேசத்து ஆயுதங்கள், பாப்பரசரின் மெழுகுவர்த்தி என்று சொல்லப்பட்ட ஒன்று, எலிசபெத் அரசியின் பழத்தட்டு என்று சொல்லப்பட்ட மற்றொன்று என அவை பெருகின. 1729இலிருந்து அச்சிட்ட பொருட்பட்டியலும் விற்பனைக்கு வந்து, பல பதிப்புகளைக் கண்டது.

அங்கு சென்றவர்களின் அனுபவம் எத்தகையது? மூன்று சான்றுகளைக் காண்போம்.

முதலாவது சான்று றிச்சாட் ஸ்ரீல் என்னும் எழுத்தாளருடையது. 1709ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அவர் தொடங்கிய ‘டாற்லர்’ என்ற இதழ் கோப்பிக் கடைகளின் குழந்தையே எனலாம். கவிதை பற்றிய செய்தி ஒரு கடையிலிருந்தும், கல்வி பற்றியது இன்னொரு கடையிலிருந்தும், பிறநாட்டுச் செய்தி வேறொரு கடையிலிருந்தும் வருவதாகவே அவ்விதழ் அமைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்து இதழொன்றில் ஸ்ரீல் தமது செல்சிப் பயணத்தை வருணிக்கிறார். கடைக்குள் நுழைந்ததும், இருந்தவர்களுக்கு வணக்கஞ் சொல்லவும் நேரமின்றி, சுவரிலும் கூரையிலும் தொங்கிய எண்ணற்ற பொருள்கள் அவர் கண்ணை இழுத்துக்கொண்டனவாம். பின்னர் மெலிந்த முகமுடைய கடைக்காரர் எதிர்ப்படுகிறார். பல் பிடுங்குவோர் நோயைக் குணப்படுத்த முயலாது நோயுற்ற உறுப்பையே அகற்றிவிடும் தத்துவஞானிகள் என்று ஸ்ரீல் கிண்டல் செய்கிறார். இறுதியில் ஒரு குற்றச்சாட்டு. பெட்பட் நகருக்கு அருகே ஒரு பெண் முடைந்த வைக்கோல் தொப்பியை, கிறித்துவுக்குத் தீர்ப்பளித்த பிலாத்துவின் மனைவியுடைய பணிப்பெண்ணின் சகோதரி அணிந்த தொப்பியென்று சால்ற்றர் காட்டுகிறாராம்! பழமை என்ற பெயராலும் கல்வி என்ற பெயராலும் உலகை ஏமாற்றுவதாகும் இது என்கிறார் ஸ்ரீல்.

இரண்டாவது சான்று பெஞ்சமின் பிராங்ளினுடையது. பிற்காலத்தில் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட அவர், 1724 முதல் 1726 வரை இலண்டன் அச்சுக்கூடங்களிற் கூலிக்கு உழைத்த இளந்தொழிலாளி. ஒருநாள் நண்பர் சிலருடன் படகிலே செல்சிக்குச் சென்று சால்ற்றரோவின் விசித்திரங்களைப் பார்த்தார். திரும்பும் வழியில் நண்பர்களின் வேண்டுகோளுக்கிணங்கி ஆடை களைந்து நதியிற் குதித்து, நீருக்கு மேலும் கீழுமாகப் பல வித்தைகள் காட்டியபடி செல்சியிலிருந்து பிளாக்பிறையர்ஸ் வரை நீந்தினார் என்று தமது சுயசரிதையில் எழுதுகிறார். அச்சுத் தொழிலாளியின் ஓய்வுநாள் அது. கல்விமான்களின் பரிந்துரைக் கடிதம் எதுவும் அவரிடம் கேட்கப்படவில்லை.

மூன்றாவது சான்று ஒரு நாவல். 1778இல் வெளிவந்த பனி பேணியின் ‘எவலீனா’வில், நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளம்பெண்ணுக்கு இலண்டனில் எவ்வெவற்றைக் காட்டலாம் என்று நடுத்தரக் குடும்பத்தவர் பேசிக்கொள்ளும்போது, இக்கடையின் பெயரும் அடிபடுகிறது. அதற்குள் சால்ற்றர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. அவருக்குப் பின் மகளே கடையை நடத்தினார். ஆண்களின் விவாத மண்டபமாகத் தொடங்கிய கோப்பிக் கடை மரபில், குடும்பத்தோடு பெண்களும் சென்று பார்க்கத்தக்க இடமாக ஒன்று மாறியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இவற்றோடு ஆரம்பகாலப் பிரித்தானிய நூதனசாலையை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் பெயரையும் சமூக நிலையையும் முகவரியையும் எழுதிக் கொடுத்து, அனுமதிச்சீட்டுக்குக் காத்திருந்து, சிறு குழுவாக விரைந்து நடத்திச் செல்லப்பட வேண்டும். நாவிதரின் கடையிலோ கோப்பியின் விலையே நுழைவுச்சீட்டு. தாம் விரும்பிய பொருளை விரும்பிய நேரம்வரை பார்க்கலாம், கடைக்காரரின் விளக்கத்தை நம்பலாம், நம்பாமல் சிரிக்கலாம். ஸ்ரீல் சிரித்தாரல்லவா?

*

இவ்வளவோடு நிறுத்தினால் இனியதொரு கதையாக முடிந்துவிடும். ஆனால் அப்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கும்போதே வரலாறு தொடங்குகிறது.

ஹான்ஸ் ஸ்லோன் 1687இல் ஜமெய்க்காத் தீவின் ஆளுநருடைய மருத்துவராக அங்கு சென்று, 1689இல் நூற்றுக்கணக்கான தாவர மாதிரிகளுடன் திரும்பியவர். அத்தீவு 1655இல் ஆங்கிலேயர் கைப்பற்றியது. ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பாலே அங்கு கரும்புத் தோட்டங்கள் செழித்தன. தாவரங்களைத் தேடிச் சேர்ப்பதில் ஸ்லோனுக்கு அவ்வடிமைகளின் அறிவும் கைகொடுத்தது. 1695ஆம் ஆண்டில், அதாவது சால்ற்றர் கடை தொடங்கிய அதே ஆண்டில், ஸ்லோன் ஜமெய்க்காத் தோட்ட முதலாளி ஒருவரின் விதவையை மணந்தார். அத்தோட்ட வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அம்மணத்தின் வழியே வந்தது. மருத்துவத் தொழிலின் ஊதியத்தோடு கரும்புத் தோட்டத்தின் பணமுஞ் சேர்ந்தே அவரது மாபெரும் சேகரிப்பை உருவாக்கிற்று. 1753இல் அவர் இறந்தபோது அது ஏறத்தாழ 71,000 பொருள்களைக் கொண்டிருந்தது. பிரித்தானிய நூதனசாலையின் அடித்தளம் அதுவே. அச்சேகரிப்பின் சிந்தல்களே செல்சிக் கடையின் சுவரையும் அலங்கரித்தன.

கோப்பிக் கடைகளுக்கும் அடிமை வாணிகத்துக்கும் இடையே இருந்த உறவு இதனோடு முடியவில்லை. கோப்பி யேமன் நாட்டு மோக்காத் துறையிலிருந்து வந்தது. கோப்பிக்கும் ‘பஞ்ச்’சுக்கும் இனிப்பூட்டிய சீனி அடிமைகளின் வியர்வையிலிருந்து வந்தது. 1680களில் எட்வேட் லொயிட் என்பவர் நடத்திய கோப்பிக் கடையில் கப்பற் சொந்தக்காரரும் காப்புறுதி செய்வோரும் கூடினர். அதிலிருந்து வளர்ந்த லொயிட்ஸ் நிறுவனம், அடிமைகளை ஏற்றிய கப்பல்களுக்குக் காப்புறுதி வழங்கிய வாணிகத்திற் பங்குகொண்டதற்காக 2020ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. இலண்டனில் எசமானரிடமிருந்து தப்பியோடிய ஆபிரிக்கச் சிறுவர்களைப் பற்றிய செய்தித்தாள் விளம்பரங்களில், பிடித்துக்கொண்டு வந்து பரிசு பெறவேண்டிய இடமாகக் கோப்பிக் கடைகளே பல முறை குறிக்கப்பட்டன. சுதந்திரத்தைப் பற்றி விவாதித்த அதே மேசையிலே மனிதனைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசுப்பணமும் எண்ணப்பட்டது.

இப்போது ஸ்ரீலின் குற்றச்சாட்டுக்குத் திரும்புவோம். வைக்கோல் தொப்பிக்குப் பொய்ப்பெயர் சூட்டியதாற் சால்ற்றர் உலகை ஏமாற்றினார் என்றார் அவர். தொப்பியைப் பற்றி அவர் கூறியது சரியே. அதை முடைந்த பெண்ணின் உழைப்பை மறைத்து, இல்லாத பழமையை அதன்மேல் ஏற்றியது பொய்தான். ஆனால் அத்தகைய பொய் நாவிதரின் கடைக்கு மட்டுமே உரியதா?

ஸ்லோனின் சேகரிப்பிலே ஒரு மத்தளம் உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியாவிற் பெறப்பட்ட அது, அந்நாட்டுப் பழங்குடியினருடைய கைவேலை என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. அது மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய கானா நாட்டுப் பகுதியில் வாழும் அக்கான் மக்கள் ஆபிரிக்க மரத்திற் செய்தது என்பது 20ஆம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. அடிமைக் கப்பலொன்றிலேயே அது அத்திலாந்திக் கடலைக் கடந்திருக்க வேண்டும். செயலிழந்து கிடக்கும் அடிமைகளைத் தளத்திலே ஆடச் செய்து உடலுரத்தைக் காக்க, அவ்வாறான கப்பல்களில் மத்தளம் ஒலிப்பது வழக்கமாயிருந்தது. கல்விமான்களின் மாளிகையில் ஒரு பொய்ச்சீட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை.

நாவிதரின் பொய்யில் வஞ்சகம் சிறிது, வேடிக்கை பெரிது. கேட்டவரும் பாதி நம்பியே கேட்டனர். நூதனசாலையின் தவறோ அறிவின் அதிகாரத்தோடு பேசியது. ஆகவே அதை எவரும் ஐயுறவில்லை. பொருளை வைத்திருப்பவனே அதற்குப் பெயர்சூட்டும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறான். அதைச் செய்த கைக்கு அவ்வுரிமை மறுக்கப்படுகிறது. 2020ஆம் ஆண்டில் அந்நூதனசாலை ஸ்லோனின் மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து அகற்றிக் கண்ணாடிப் பேழையொன்றினுள் வைத்து, அவருடைய செல்வத்துக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்பை விளக்கும் குறிப்பையும் சேர்த்தது. சீட்டைத் திருத்தி எழுத இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

*

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், 1679இல் அனுராதபுரக் காடுகளினூடாகத் தப்பி மன்னாரை அடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கை பற்றிய அவரது நூல் விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் முன்னுரையுடன் வெளிவந்தது. ஹூக் இலண்டன் கோப்பிக் கடைகளில் நாள்தோறும் பொழுதைக் கழித்தவர். 1689இல் அவரும் நொக்ஸும் கோப்பிக் கடையில் அமர்ந்து கஞ்சாச் செடியைப் பற்றி உரையாடினர். அவ்வாண்டு டிசம்பரில் ஹூக் அதுபற்றி வேத்தியற் கழகத்தில் விரிவுரை நிகழ்த்தினார். தூய்மையற்ற நீரால் வந்த நோய்க்குக் கஞ்சா இலைத்தூளைக் கருப்பட்டியுடன் உண்ணும் மருந்தை நொக்ஸ் இந்நாட்டிலேதான் கற்றார். ஹூக்கின் பெயர் விரிவுரையில் நிலைத்தது. நொக்ஸின் பெயர் நூலில் நிலைத்தது. மருந்தைக் கற்பித்த கிராமவாசிக்குப் பெயரில்லை. இவற்றோடு இன்னொன்றையும் கூறவேண்டும்: சிறையின் துயரை இத்துணைக் காலம் அனுபவித்த நொக்ஸ், 1680களிற் கப்பற் தலைவராகி மடகாஸ்கர் தீவுக்கு அடிமைகளை வாங்கச் சென்றார்.

பின்னர் 19ஆம் நூற்றாண்டிலே, இலண்டன் மக்கள் அருந்திய கோப்பியிற் கணிசமான பங்கு இலங்கையிலிருந்து சென்றது. ஆங்கில முதலாளிகள் கண்டி மலைகளிற் காடழித்துக் கோப்பித் தோட்டங்களை அமைத்தனர். அங்கு உழைக்கத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் மன்னார்க் கரையில் வந்திறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். நொக்ஸ் உயிர்தப்பி வந்தடைந்த அதே கரைப்பகுதியிலிருந்து அவர்களது நடை தொடங்கிற்று. வழியிலே காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. இலண்டனிற் கோப்பி வாங்கியவர் அதன்மேல் இலங்கையின் பெயரைக் கண்டிருப்பார். நடந்து வந்தவர்களின் பெயர் எந்தப் பொட்டலத்திலும் அச்சிடப்படவில்லை.

டொன் சால்ற்றரோவின் விசித்திரங்கள் 1799இல் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறின. அவற்றுட் பெரும்பாலானவை இன்று எங்குமில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுதல் எளிது. மக்களின் முதல் ஆசான் என்று போற்றிவிடுதலும் எளிது. அறிவின் காட்சிச்சாலை ஓர் உழைப்பாளியின் கடையிலும் அமையலாம், அங்கு அச்சுத் தொழிலாளியும் சென்று கண்திறக்கலாம் என்பதை அவர் காட்டினார். அதே வேளையில், அக்காட்சிக்கு விலைகொடுத்தவர்கள் அம்மேசைக்கு வெகு தொலைவிலே கரும்புத் தோட்டத்தில் நின்றனர் என்பதை அவரோ அவருடைய வாடிக்கையாளரோ கேட்டதாகத் தெரியவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும்போது, கண்ணாடிப் பேழையின் கீழுள்ள சீட்டை வாசித்துக் குறிப்பெடுக்கச் சொல்கிறோம். இதனைச் செய்தவர் யார், எடுத்து வந்தவர் யார், சீட்டை எழுதியவர் யார் என்ற மூன்று வினாக்களையும் அக்குறிப்பேட்டில் எழுதச் சொல்லுதல் வேண்டும். விடை கிடைக்காத இடத்தை அவர்கள் வெறுமையாகவே விட்டுவரட்டும். அந்த வெற்றிடங்களை நிரப்ப முயல்வதே வரலாற்றுக் கல்வியாகும்.